முந்தானைக்கு இந்தப் பக்கம்

போன வெள்ளிக்கிழமை தேரா மீன் சந்தையில் வஞ்சிரமா சூரையா என்று நானும் என் கணவரும் தயங்கிக்கொண்டிருந்தபோது, கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் வலது கையைப் பிடித்தார். குலுக்குவதற்காகப் பிடிக்கவில்லை. விரல்கள் அத்தனையையும் சேர்த்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு பிழி. "உம் மீரா, பொண்ணு எப்படி இருக்கா?" என்று உடைந்த இந்தியில் கேட்டார். பிறகு மீன்காரனிடம் திரும்பி எனக்காக அரபியில் ஒரு சண்டை போட்டார். மீன்காரன் தோற்றதும் போய்விட்டார். இந்த ஊரில் ஒரு பெண்ணை மூத்த குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். உம் மீரா என்றால் மீராவின் அம்மா. என் சொந்தப் பெயர் இங்கே பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருக்கிறது.

"யார் இது?" என்றார் இவர்.

"பேர் தெரியாதுங்க. வலி வந்தா முதல்ல இடது கண்ணை மட்டும் மூடுவாங்க."

இவர் மீனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புரிந்திருக்காது. துபாயின் பழைய குடும்பத்துப் பெண்கள் பத்தூலா என்று ஒரு முகமூடி அணிவார்கள். நெற்றியிலிருந்து மேலுதடு வரை மறைக்கும் விறைப்பான துணி. வெயிலில் செம்பும் ஊதாவும் கலந்தாற்போல் மினுங்கும். கண்ணுக்கு இரண்டு திறப்பு உண்டு. அதற்குப் பின்னால் இருக்கும் முகத்தைக் கணவரும் பிள்ளைகளும் பார்ப்பதே அபூர்வம் என்கிறார்கள். அப்படிப்பட்ட முகங்களில் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கப் போனது என்னவோ பற்களை. அதுதான் சரியாக அமையவில்லை.

திருச்சியில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தபோது முயலின் மண்டையோட்டை வைத்துப் பல்வரிசை வரைவதில் வகுப்பிலேயே நான்தான் முதல். என் ஆசிரியை அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அந்தத் தைரியத்தில் பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்து, அப்பாவோடு ரயிலேறி சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்கும் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெரியவர் என் மதிப்பெண்களை மெச்சினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "கல்யாணம் ஆனதும் பொண்ணு விட்டுடும். ஒரு சீட்டு வீணாப் போயிடுமே சார்" என்றார். அப்பாவும் அவர் சொல்வதில் நியாயம் இருப்பதுபோல் தலையாட்டினார். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் பேசும்போது தலையாட்டுவது எனக்கு வழக்கம். அடுத்த வருடம் கல்யாணம் ஆயிற்று. அதற்கடுத்த வருடம் மீரா. பிறகு துறைமுகத்தில் மின் பொறியாளர் வேலை கிடைத்து இவர் துபாய்க்கு வர, பின்னாலேயே நாங்கள் இருவரும் வந்தோம்.

இவருடைய அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். குடும்பத்தோடு எங்களையும் அங்கே அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தார். எனக்குப் பல் மருத்துவத்தில் ஆசை இருந்தது என்று இவர் எப்போதோ எழுதியதை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு கடிதத்தில் விவரங்களை எழுதியிருந்தார். அங்கே மதிப்பெண் மட்டும் போதாதாம். ஒரு பல் டாக்டரின் பக்கத்தில் பல நாட்கள் நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்க வேண்டுமாம். அதற்கு ஷேடோயிங் என்று பெயர். அதாவது நிழலாக நிற்பது. அதோடு சம்பளம் வாங்காமல் ஏதாவது சேவையும் செய்திருக்க வேண்டும். இரண்டுக்கும் அந்த டாக்டர் சாட்சி சொல்லிக் கடிதம் கொடுக்க வேண்டும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவர் பக்கத்தில், வாய் திறக்காமல், கூலி இல்லாமல், வேண்டும்போது தோன்றி வேண்டாதபோது மறைந்து நிற்பதற்குச் சான்றிதழ் தருவார்கள் என்றால், கல்யாணமான நாளிலிருந்தே எனக்கு அது சேர்ந்திருக்க வேண்டுமே என்று இவரிடம் சொன்னேன். "அதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டா ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

சிரித்தேனே தவிர, அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஒரு முறை கைவிட்டுப்போனது மறுபடி வாசலில் வந்து நிற்கிறது, இந்த முறையும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேனோ என்று ஒரு பயம். மீராவை விட்டுவிட்டு இதற்கெல்லாம் அலையலாமா என்று இன்னொரு பயம். காலையில் அவள் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறியதும் கிளம்பினால் மதியம் அவள் இறங்குவதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பஸ் சீக்கிரம் வந்துவிட்டால்? அந்தக் கணக்கைத் தினமும் ஒரு முறை அழித்துப் போட்டுப் பார்த்தேன்.

நாங்கள் குடியிருந்த தெருவிலேயே டாக்டர் நபீல் என்ற எகிப்தியரின் பல் மருத்துவமனை இருந்தது. மருத்துவமனை என்றால் மாடியில் இரண்டு அறைகள், ஒரு ஏ.சி., ஒரு சாய்வு நாற்காலி. முதல் நாள் நான் தனியாகப் போனேன். சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். "டாக்டர், நீங்கள் வேலை செய்வதை நான் பார்க்க விரும்புகிறேன்." அவர் வாயில் சிகரெட்டுடன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தப் பல்?"

"பல் இல்லை. நான் பார்க்க வேண்டும்."

"பயமா? முதலில் பார்த்துவிட்டு உட்காரலாம் என்றா? எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். யல்லா, உட்கார்."

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு டாக்டர் உட்கார் என்று சொன்னபின் எப்படி மறுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது. நிழலாக நிற்கப் போனவள் ஒரு கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டு, பாதி உதடு மரத்துப்போய் வீடு திரும்பினேன். என் அனுபவத்தில் முதல் வாய் என்னுடையதுதான். அதையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் இவர் கூட வந்தார். டாக்டர் அதன்பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை, பேச்செல்லாம் இவரோடுதான்.

"சம்பளம் தர முடியாது."

"வேண்டாம், டாக்டர்."

டாக்டரின் முகத்தில் அப்போதுதான் சந்தேகம் வந்தது. "உன் கஃபீலுக்குத் தெரியுமா? மனைவி விசாவில் வேலை செய்யக் கூடாது."

கஃபீல் என்றால் எங்களை இங்கே வைத்திருப்பதற்குப் பொறுப்பேற்றிருக்கும் உள்ளூர்க்காரர். அவர் முகம் சுளித்தால் எல்லாரும் விமானம் ஏற வேண்டியதுதான். "வேலை இல்லையே டாக்டர், சும்மா நிற்பதுதானே" என்றார் இவர்.

"இந்த ஊரில் சும்மா நிற்பதும் ஒரு வேலைதான். கீழே வாட்ச்மேனைக் கேட்டுப் பார்" என்றார் டாக்டர். ஆனாலும் தலையை அசைத்தார். என்னை அனுமதித்துவிட்டதை இவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் புடவைமேல் அதைப் போட்டுப் பார்த்ததில் டாக்டரைப்போலவும் தெரிந்தது, ரேஷன் கடைப் பரிசோதகரைப்போலவும் தெரிந்தது. நாற்காலியின் இடதுபுறம் சுவரோரம் எனக்கு ஓர் இடம்; அங்கிருந்து பார்த்தால் டாக்டரின் முழங்கைதான் தெரியும். டாக்டரின் உதவியாளர் குஞ்ஞுமோன் திருச்சூர்க்காரர். முதல் வாரம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. இடுக்கியை நான் எட்டிப் பார்த்தால் டிராயரை மூடுவார். ஒரு நாள் டாக்டர் சிகரெட் வாங்கக் கீழே போனபோது கேட்டேவிட்டார்.

"சேச்சி, உள்ளதைச் சொல்லணும். டாக்டர் எத்தனை தர்றார்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம ஒரு ஆள் கல்ஃபுல வேலை செய்யுமோ?" நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்னைப் பறஞ்சு விட்டுட்டு உங்களை வைக்கறதுக்குத்தானே?"

அமெரிக்கா, கல்லூரி, நிழல் என்று நான் விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார். "அப்போ அமெரிக்காவுல சம்பளம் உண்டோ?" என்றார். படித்து முடித்தபின் உண்டு என்றதும் கொஞ்சம் சமாதானமானார். எல்லாரையும்போல நானும் பணத்துக்குத்தான் வந்திருக்கிறேன், வழிதான் கொஞ்சம் சுற்று. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவரை யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்பதில்லை. இங்கே கேட்பார்கள். அத்தனை பேரும் வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்தது சம்பளத்துக்காக என்னும்போது, சும்மா நிற்கிற ஒருத்தி எல்லாருக்கும் உறுத்தலாகத்தானே இருப்பாள்? நோயாளிகளில் சிலர் என்னைச் சுகாதார இலாகா அதிகாரி என்று நினைத்தார்கள். ஒரு ஈரானி வியாபாரி டாக்டரின் புது மனைவி என்று முடிவுகட்டி வாழ்த்துச் சொன்னார். மறுப்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டேன். டாக்டர் அவருக்கு மயக்க ஊசியை வழக்கத்தைவிட வேகமாகப் போட்டதாக எனக்குத் தோன்றியது.

உம் சாலிம் வந்தது ஒரு திங்கட்கிழமை. அறுபது வயதிருக்கும். கன்னம் வீங்கி, பத்தூலாவுக்குக் கீழே தாடை ஒரு பக்கம் புடைத்துத் தெரிந்தது. கூட வந்த மகன் சாலிமை வெளி அறையில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தார். டாக்டர் முகமூடியைக் கழற்றச் சொன்னார். அவர் அசையவில்லை. டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்தார், கெஞ்சினார், குரலை உயர்த்தினார். "மாஃபி" என்றார் உம் சாலிம். முடியாது. குஞ்ஞுமோனைப் பார்த்துக் கையை வெளியே காட்டினார்; அவர் போனார். டாக்டரைப் பார்த்தும் அதே கையைக் காட்டினார்.

"நான் போய்விட்டால் யார் பல்லைப் பிடுங்குவது?" என்றார் டாக்டர், என்னைப் பார்த்து.

அப்போதுதான் உம் சாலிமும் என்னைப் பார்த்தார். வா என்று கண்ணால் கூப்பிட்டார். கிட்டே போனேன். வெள்ளைக் கோட்டை இரண்டு விரலால் தொட்டு, இது என்ன என்பதுபோல் ஒதுக்கினார். அதற்கடியிலிருந்து என் முந்தானையை வெளியே இழுத்தார். அன்று நான் கட்டியிருந்தது மதுரைச் சுங்குடி, மஞ்சளில் சிவப்புப் புள்ளி. அதை என் கையில் கொடுத்து, தன் மூக்குக்கு நேராகத் திரைபோல் பிடித்துக்கொள்ளச் செய்தார். பிறகு திரைக்குப் பின்னால், எனக்கும் அவருக்கும் மட்டுமாக, முகமூடியை அவிழ்த்து மடியில் வைத்தார். அந்தப் பக்கம் டாக்டருக்கு ஒரு வாய் மட்டும் தெரிந்தது. இந்தப் பக்கம் எனக்கு வாயைத் தவிர எல்லாம் தெரிந்தது.

விளக்கின் வெளிச்சம் சுங்குடி வழியாக வந்து அந்த முகத்தில் மஞ்சளாகப் பரவியிருந்தது. மூக்கின்மேலும் கன்னத்திலும் முகமூடியின் அவுரிச் சாயம் ஒட்டியிருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளை பேனாவை முகத்தில் துடைத்துக்கொண்டதுபோல. "உன் ஊர்த் துணிதான்" என்றார் மடியிலிருந்ததைத் தட்டி. "பம்பாயிலிருந்து வருகிறது." அவருடைய இந்தி பம்பாய் வியாபாரிகளிடம் கற்றது. என்னுடையது திருச்சியில் பரீட்சைக்குப் படித்தது. இரண்டும் தட்டுத்தடுமாறிச் சந்தித்துக்கொண்டன. ஊசி இறங்கியபோது என் கையைப் பிடித்தார். டாக்டர் இடுக்கியை எடுக்கும் சத்தம் கேட்டதும் நான் ஆவலாக எட்டிப் பார்த்தேன். அதற்குத்தானே வந்திருக்கிறேன்? உம் சாலிம் என் விரல்களை நெரித்தார். "அங்கே அவன் பார்ப்பான். நீ என்னைப் பார்." பார்த்தேன். பல் வந்துவிட்டது என்பதை அவர் கண்கள் தளர்ந்ததை வைத்துத்தான் அறிந்தேன். "கலாஸ்" என்றார் டாக்டர், முடிந்தது. தட்டில் ஏதோ விழுந்தது. உம் சாலிம் முகமூடியைக் கட்டிக்கொண்டு நான் திரும்புவதற்குள், உள்ளே வந்த குஞ்ஞுமோன் சுத்தக்காரராகையால் அதை அப்புறப்படுத்தியிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை உம் சாலிமின் தங்கை வந்தார். அதற்கடுத்து தங்கையின் மருமகள், பக்கத்து வீட்டுக்காரி, அவளுடைய தாயார். எல்லோரும் வாசலிலேயே, "அந்த இந்தியப் பெண் இருக்கிறாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறினார்கள். சில மாதங்களில் திங்களும் புதனும் பெண்கள் நாள் என்று டாக்டர் போர்டே எழுதி மாட்டிவிட்டார். வருடக்கணக்காக வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள், ஏலக்காய்க் காப்பி நிறைந்த பிளாஸ்குகளோடு வந்து காத்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு ஆணியில் தொங்கியது. நைலான் புடவை கட்டிக்கொண்டு போன அன்று ஒருவர் துணியைத் தொட்டுப் பார்த்து, இது ஊடுருவித் தெரியும் என்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பருத்தி மாற்றிக்கொண்டு வந்தேன். நிழலுக்கும் தடிமன் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

எனக்கோ கவலை ஏறிக்கொண்டே போனது. நின்ற நேரமெல்லாம் சேர்ந்துகொண்டிருக்கிறது, பார்த்தது எதுவும் இல்லை. அமெரிக்காவில் யாராவது, "நீ பார்த்த சிகிச்சையைச் சொல்" என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஒரு நாள் துணிந்து டாக்டரிடம், நான் வலதுபுறம் வந்து நிற்கலாமா என்றேன்.

"நில். முந்தானையை யார் பிடிப்பது?"

அதனால் ஆண்கள் நாளான செவ்வாய்க்கிழமையும் வர அனுமதி கேட்டேன். அவர் சரி என்றார். இவர் அன்று இரவுச் சாப்பாட்டின்போது சரி என்று சொல்லவில்லை, ஆனால் மோர் கேட்டார். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக வந்தவர் நம் ஊர்க்காரர். கட்டட சைட்டில் கம்பி கட்டும் வேலை, கேம்ப் வாழ்க்கை, அரை நாள் லீவு. பெயர் முருகேசன். தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவர் என் புடவையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தமிழா நீங்க? எந்தூரும்மா?"

"திருச்சி."

"நமக்குப் பரமக்குடிப் பக்கம். நல்லதாப் போச்சு. இந்த ஆளுகிட்டச் சொல்லுங்கம்மா. அடைக்கிறது கிடைக்கிறதுல்லாம் வேணாம், புடுங்கி எறிஞ்சிரச் சொல்லுங்க."

டாக்டர் பார்த்துவிட்டு, காப்பாற்றக்கூடிய பல்தான், இன்னும் மூன்று தடவை வர வேண்டும் என்றார். மொழிபெயர்த்தேன். அதோடு நிற்காமல், பல்லின் அருமையைப் பற்றி நானாகவும் இரண்டு வாக்கியம் சேர்த்தேன். முருகேசன் பொறுமையாகக் கேட்டார்.

"பல்லக் காப்பாத்திட்டு வேலைய விட்டுட்டா என்னத்தக் கடிக்கிறது? இன்னைக்கு லீவு கேட்டதுக்கே ஃபோர்மேன் அந்தக் குதி குதிச்சான். புடுங்கச் சொல்லுங்கம்மா."

டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு ஊசியை எடுத்தார். நான் வலதுபுறம் போய், டாக்டரின் தோளுக்குப் பின்னால், விளக்குக்கு நேராக இடம் பிடித்தேன். திரை இல்லை, முந்தானை இடுப்பில் செருகியிருக்கிறது, இனி எனக்கும் பல்லுக்கும் நடுவில் யாரும் இல்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். முருகேசன் திறக்கவில்லை. கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார்.

"என்ன, வலிக்குதா?"

"இல்லம்மா..." கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வெத்தலக் கறை. பீடி வேற. உங்க முன்னாடி எப்படித் தொறக்கறது? சித்த அங்கிட்டுத் திரும்பிக்கங்கம்மா."

டாக்டருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆறு மாதமாக அதே பார்வையைத்தானே பார்க்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைச் சுவரின் பக்கம் காட்டினார். திரும்பி நின்றேன். அங்கே ஒரு பற்பசைக் கம்பெனியின் காலண்டர் இருந்தது; அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடி முருகேசனின் பல் வெளியே வருவதைக் காதால் கேட்டேன்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்தவர், போகும்போது கேட்டார். "நீங்களும் டாக்டராம்மா?"

"இல்ல. பாக்க வந்தேன்."

"என்னத்த?"

"பல்லு எடுக்கறத."

"பாத்தீங்களா?"

"நீங்கதான் திரும்பிக்கச் சொன்னீங்களே!"

பஞ்சையும் மீறிச் சிரித்தார். "ஊருல போய்ச் சொன்னா நம்பமாட்டாய்ங்க. புள்ளகுட்டிய விட்டுட்டு எம்பல்லப் பாக்க ஒரு அம்மா சும்மா நின்னாங்கன்னு."

செவ்வாய்க்கிழமைகளில் வேறு ஆண்களும் வந்தார்கள். பட்டாணியர், வங்காளிகள், ஒரு வெள்ளைக்காரர்கூட. அவர்கள் வாயில் நான் ஓரளவு பார்த்தேன் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மீராவுக்கு அம்மை போட்டு, நான் ஒரு மாதம் வீட்டில் கிடந்து, திரும்பிப் போனபோது செவ்வாயும் பெண்கள் நாளாகியிருந்தது.

விண்ணப்பம் அனுப்பும் காலம் வந்தது. டாக்டர் தன் கடிதத்தை எழுதி என்னிடம் காட்டினார். பல் எடுத்தல், அடைத்தல், வேர் சிகிச்சை, எல்லாவற்றையும் நான் கூர்ந்து கவனித்ததாக இருந்தது.

"டாக்டர், நான் இதையெல்லாம் பார்க்கவில்லையே."

"பக்கத்தில்தானே நின்றாய்?"

"முந்தானைக்கு இந்தப் பக்கம்."

அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்று கேட்கிறேன். உம் சாலிம் பார்க்க எப்படி இருப்பாள்?" என்றார். "அவள் வாயில் எந்தப் பல் எங்கே என்று தூக்கத்தில் சொல்வேன். மூக்கு எப்படி? பெரியதா?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேன், டாக்டர்."

என் வாழ்நாளில் ஒரு பெரிய மனிதர் கேட்டு நான் முதன்முதலாக மறுத்தது அதுதான். அவர் சிரித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்தார். மறுபடி எழுதியதில், பெண்கள் சிகிச்சைக்கு வருவது இந்தப் பெண்ணால்தான் சாத்தியமானது என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. இன்னும் கொஞ்சம் நீளமாக எழுதச் சொல்லியிருக்கலாமோ என்று அன்று மாலையே தோன்றிவிட்டது.

என் பங்குக்கும் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எதைக் கவனித்தாய் என்று கேட்டிருந்தார்கள். "பல்லைப் பத்தி எழுது. அவங்களுக்கு வேணுங்கறது பல்லு" என்றார் இவர். பாடப்புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன், படித்தேன், கிழித்தேன். கடைசியில் நடந்ததை எழுதினேன். யாருக்கு எந்தக் கண் முதலில் மூடும், ஊசிக்கு முன்னால் யார் பிரார்த்திப்பார்கள், யார் திட்டுவார்கள், வலி உச்சத்துக்குப் போவதைக் கையின் பிடி டாக்டருக்கு முன்பே எனக்கு எப்படிச் சொல்லிவிடும், அப்போது நான் எப்படி அவருக்குச் சைகை காட்டுவேன். தபாலில் போட்ட மறுநிமிடம் எடுத்துவிட முடியாதா என்று பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கட்டுரையின் நகல் ஒன்று தனக்கும் வந்திருந்ததால் இவருடைய அண்ணன் டிரங்க் காலில் கூப்பிட்டார். "புடவை, முகமூடின்னெல்லாம் எழுதியிருக்கியேம்மா! இது பல் காலேஜா, துணிக்கடையா?"

கல்லூரியிலிருந்து பதில் வந்தது. அங்கே போய் ஒரு வருடம் சில பாடங்களைப் படித்துத் தேற வேண்டும். அதன்பின் இடம் தருகிறோம். என் கவனிப்பு அனுபவம் திருப்திகரமாக இருந்ததாம். கண்ணால் பார்க்காததற்குக் கிடைத்த அந்தத் திருப்தியை வைத்துக்கொண்டு எப்படிப் பெருமைப்படுவது என்று தெரியவில்லை. ஆனாலும் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன். இந்த முறை தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. விசாவும் வந்துவிட்டது. நானும் மீராவும் முதலில் போகிறோம். இவர் ஒப்பந்தம் முடிந்து வருவார். அதுவரை அண்ணன் வீட்டில். சரியான முடிவுதானா என்று இதை எழுதும்போதும் ஒரு தரம் நினைத்துக்கொண்டேன்.

சேதி கேட்டு அதிகம் மகிழ்ந்தவர் குஞ்ஞுமோன். முந்தானை பிடிக்க நிரந்தரமாக ஆள் வேண்டும் என்று டாக்டர் அவருடைய மனைவி ஓமனாவுக்கு விசா எடுத்துவிட்டார், சம்பளத்தோடு. "சேச்சி சும்மா நின்னது எனக்காக்கும்!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வேலையைப் பறிக்க வந்தவள் என்று டிராயரை மூடியவர் அவர்தான்.

உம் சாலிமுக்கு அடுத்த மாதம் கீழ்ப்பல் செட் வைக்க வேண்டும். ஓமனா வருவாள் என்று சொன்னேன். "அவளிடம் பருத்திப் புடவை உண்டா?" உண்டு என்றேன். முகமூடியைக் கட்டிக்கொண்டே கேட்டார். "அமெரிக்காவில் பெண்கள் முகத்தை மூடுவார்களா?"

"இல்லை."

"யாருமே?"

"யாருமே."

அவர் முடிச்சை இறுக்கினார். "அப்படியானால் அங்கே உனக்கு என்ன வேலை?"

நேற்று மீராவுக்கு முதல் பால் பல் ஆடி, ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, மேஜை விளக்கை இழுத்து வைத்து, அவளை உட்கார வைத்தேன். என் மகள், என் வீடு. திரையும் இல்லை, கூச்சப்படும் அந்நியரும் இல்லை. "வாயைத் திற கண்ணா" என்றேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"நோ! அப்பா எடுக்கட்டும். நீ பாக்காதே. நீ என் ஹேண்டைப் புடிச்சுக்கோ."

இவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து இடதுபுறம் போனேன். அவள் என் முந்தானையை இழுத்துத் தானே மூக்குக்கு நேராகத் திரைபோல் பிடித்துக்கொண்டாள். எங்கே கற்றுக்கொண்டாளோ? அந்தச் சின்னக் கை என் இரண்டு விரல்களைச் சுற்றி இறுகியது. துணிக்கு இந்தப் பக்கம் அவள் கண்கள் என்னையே பார்த்தன. வலது கண்தான் முதலில் மூடுகிறது. இத்தனை வருடம் வளர்த்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பல் வந்துவிட்டது. அதை என்ன செய்வது என்பதில்தான் இன்றைக்கு வீட்டில் பெரிய விவாதம். என் அம்மாவாக இருந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியச் சொல்வாள். இங்கே சாணி கிடையாது, எங்கள் கட்டடத்தின் கூரை தண்ணீர்த் தொட்டிகளுக்குச் சொந்தம். சூரியனைப் பார்த்து வீசி, கழுதைப் பல்லை எடுத்துக்கொண்டு மான் பல்லைக் கொடு என்று கேட்கச் சொன்னார் உம் சாலிம். அமெரிக்காவில் தலையணைக்கடியில் வைத்தால் ஒரு தேவதை வந்து எடுத்துப் போகுமாம், அண்ணன் மனைவி, மீராவின் பெரியம்மா, எழுதியிருக்கிறாள். மீரா மூன்றையும் கேட்டுவிட்டு, எதுவும் வேண்டாம் என்று பல்லைக் காலி ஃபிலிம் டப்பாவில் போட்டு, குலுக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பெட்டிகள் பாதி நிறைந்து கூடத்தில் திறந்து கிடக்கின்றன. டப்பாவை எந்தப் பெட்டியில் வைப்பது, கையோடு கொண்டுபோவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அந்த இடத்தில் புதுப் பல் முளைக்கும்போது நாங்கள் அங்கே இருப்போம். அதுவரை ஓட்டைதான். மீரா பேசும்போதெல்லாம் அதற்குள் நாக்கை விட்டுப் பார்த்துக்கொள்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஆனா நாக்கு அங்கேயே போகுது."